வாய் அளவு நோட்டு

மார்ச் 4, செவ்வாய்

பத்தொன்பதாவது நாள். இன்னும் பதினான்கு.

கதிர்வீச்சு கொடுக்கும் அறையில் இன்றும் வலைபோட்ட பிளாஸ்டிக் முகமூடியை மாட்டி, தலையை மேசையோடு சேர்த்துப் பூட்டினார்கள். முதல் நாள் என் முகத்தின்மேல் வைத்து வார்த்தபோது கச்சிதமாக இருந்தது. இப்போது கன்னத்தில் தொளதொளவென்று இருக்கிறது. "ரெண்டு பக்கமும் கால் இஞ்ச் பிடிக்கணும்" என்று சொல்லிவிட்டேன். தையல்காரியின் தொழில்புத்தி. மெஷின் பார்க்கும் பெண் சிரித்தாள், பிறகு நேராக டாக்டரிடம் போய்ச் சொன்னாள். எடை போட்டார்கள். ஆறு கிலோ போயிருக்கிறது.

மூக்குக்குப் பின்னால், தொண்டைக்கு மேலே கட்டியாம். அங்கே ஓர் இடம் இருப்பதே ஐம்பத்தோரு வயதுவரை எனக்குத் தெரியாது. சொல்லாமல் கொள்ளாமல் பின்கட்டில் யாரோ குடிவந்த மாதிரி.

மார்ச் 12, புதன்

எச்சில் வற்றிவிட்டது. இருக்கிற கொஞ்சமும் பசை. எதைச் சாப்பிட்டாலும் துணியில் கோடு போடும் சாக்குக்கட்டி ருசி. அந்த ருசி எனக்கு எப்படித் தெரியும் என்று யாரும் கேட்க வேண்டாம்.

என் வீட்டுக்காரர் பாவம், பாலில் முட்டை அடித்து, வாழைப்பழம் பிசைந்து, ஏதேதோ கலந்து கொண்டுவருகிறார். "எப்படி இருக்கு?" "நீலச் சாக்கு மாதிரி இருக்கு." "நேத்து?" "அது வெள்ளை."

மார்ச் 24, திங்கள்

முடிந்தது! முப்பத்துமூன்று. நர்ஸுகள் கைதட்டி, முகமூடியை வீட்டுக்கே கொடுத்துவிட்டார்கள்.

நாத்தனார் அதைக் கடைக்குக் கொண்டுபோய், வாசலில் நிற்கும் துணிக்கடைப் பொம்மைக்கு மாட்டிவிட்டாள். என் வீட்டுக்காரரின் தங்கை அவள். கடையில் அவள் வெட்டுவாள், நான் தைப்பேன். "நீங்க கடைக்கு வர நாளாகும் அண்ணி. அதுவரைக்கும் உங்க முகமாவது கடையில இருக்கட்டும்" என்றாள். பாவாடைக்கு அளவு கொடுக்க வந்த அம்மாள் அதைப் பார்த்து அலறிக்கொண்டே படியிறங்கிவிட்டார். முகமூடி இப்போது பீரோவுக்கு மேலே இருக்கிறது.

ஏப்ரல் 9, புதன்

கழுத்துத் தோல் கறுத்து உரிகிறது. பின்னந்தலையில் ஒரு பட்டை முடி இல்லை. இடது காது அடைத்துவிட்டது, உள்ளே நீர் கோத்திருக்கிறதாம்.

பல் டாக்டர் ஆர்டர் போட்டுவிட்டார்: நூலைப் பல்லால் கடிக்கக் கூடாது. குண்டூசியை வாயில் வைக்கக் கூடாது. பல் கெட்டால் இனி தாடை எலும்பு ஆறாதாம்.

நூலுக்குக் கத்தரி இருக்கிறது. குண்டூசிதான் பெரிய இழப்பு. இருபது வருஷமாக நாத்தனார் பேசப்பேச, உதட்டில் நாலு குண்டூசியை வைத்துக்கொண்டு "ம்" போட்டே காலத்தை ஓட்டிவிட்டேன். அவளுக்கு ரேடியோ என்று பெயர் வைத்ததும் நான்தான். அணைக்கும் பொத்தான் இல்லாத ரேடியோ. இனி என்ன செய்யப் போகிறேன்? நல்லவேளை, ஒரு காதாவது அடைத்திருக்கிறது.

மே 6, செவ்வாய்

புதுத் தொல்லை. தாடை இறுகுகிறது. கதிர் பட்ட தசை நாள் போகப்போகச் சுருங்குமாம். பயிற்சி கொடுக்கும் டாக்டரம்மா சொன்னார்: வாயைத் திறந்து முப்பது விநாடி பிடிக்க வேண்டும், தினம் ஐந்து வேளை. பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே ஒன்றரை இஞ்ச் வர வேண்டும். வாராவாரம் அளந்து போனில் சொன்னால் போதும், ஆஸ்பத்திரிவரை அலைய வேண்டாம்.

அளப்பது என்றதும் நாத்தனார் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு முன்னால் வந்து நின்றாள். கடையின் அளவு நோட்டிலேயே எனக்கு ஒரு பக்கம். "வாய்: அண்ணி" என்று தலைப்பு. அதற்கு முந்தின பக்கத்தில் யாரோ ஒருவரின் இடுப்பு.

மே 30, வெள்ளி

ஒன்றரை! டாக்டரம்மா போனில் "சபாஷ்" என்றார்.

ஜூன் 19, வியாழன்

இப்போதெல்லாம் ஸ்பூனை ஏன் இவ்வளவு பெரிதாகச் செய்கிறார்கள்? சின்னதாக ஒன்று வாங்கி வரச் சொன்னேன். அதுவும் பல்லில் இடிக்கிறது. தரமே போய்விட்டது.

வாய் ஒன்றரைதான். பயிற்சியை மூன்று வேளையாகக் குறைத்துக்கொண்டேன். சில நாள் இரண்டு.

ஜூலை 8, செவ்வாய்

ஸ்கேன் வந்தது. கட்டி இல்லை.

டாக்டர் இரண்டு முறை சொன்னார், என் காதை நம்பாமல். வீட்டுக்காரர் வெளியே வந்து, யாரோ ஒருவருடைய ஸ்கூட்டரில் சாவியைப் போட்டுத் திருகிக்கொண்டே இருந்தார். நாங்கள் பஸ்ஸில் போயிருந்தோம். அவரிடம் இருந்தது வீட்டுச் சாவி. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. சந்தோஷம். வேறு என்ன எழுத? சந்தோஷம்.

ஜூலை 17, வியாழன்

ஐயோ.

பயிற்சி டாக்டரம்மா இன்று நேரில் பார்த்தார். உருளைக்கிழங்கு மாதிரி ஏதாவது கடிக்க முடிகிறதா என்று கேட்டுவிட்டு, தன் ஸ்கேலை வைத்தார். மறுபடி வைத்தார். "நோட்டுல ஒன்றரை இருக்கு. வாயில ஒண்ணுதான் இருக்கு" என்றார்.

"அதெப்படி? சரியாத்தானே அளந்தேன்! தையலுக்கு அரை இஞ்ச் சேர்த்துத்தான் எழுதினேன்" என்றாள் நாத்தனார்.

டாக்டரம்மா அவள் கழுத்தில் கிடந்த டேப்பைப் பார்த்தார்.

என் வாய்க்குத் தையல் விட்டிருக்கிறாள்! இடுப்புக்கு விடுவது போல! இரண்டு மாதம்! நானும் அந்த நோட்டைத் தினமும் பார்த்தேனே, எனக்கு மட்டும் உறைத்ததா? எங்கள் கடை நோட்டில் எழுதும் எந்த அளவிலும் உள்ளே மடித்துத் தைக்க விடும் தையல் சேர்ந்துதான் இருக்கும். ஸ்பூனைத் திட்டிக்கொண்டிருந்தேன், மடச்சி.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. இன்னும் மூடினால் வயிற்றில் குழாய் போட்டுத்தான் சாப்பாடு, பல்லுக்கு ஏதாவது வந்தாலும் உள்ளே கைவைக்க முடியாது என்றார். வாயைத் திறக்காமலே வாழ்ந்துவிடலாம் என்று ஒரு காலத்தில் நினைத்தவள்தான் நான். பயமாக இருக்கிறது. கட்டி போய், நான் இருந்து, ஒரு வாய் சோறு உள்ளே போகாவிட்டால் என்ன பிரயோஜனம்?

ஜூலை 18, வெள்ளி

இப்போது நானும் கடைக்குப் போகிறேன். அங்கே நாத்தனார் காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. கத்தரிச் சத்தம் மட்டும்தான். மத்தியானம் மூன்று மணிக்கு என்னால் தாங்க முடியவில்லை. "ஏதாவது பேசித் தொலையேன்" என்றேன்.

"நான்தானே அண்ணி உங்க வாயை மூடினேன்" என்று சொல்லி, துணிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். யூனிபார்ம் துணி. துவைத்துத்தான் கொடுக்க வேண்டும்.

"மூடினது கதிர் கொடுத்த கரண்ட்டு மெஷின். நீ வெறும் கணக்குப்பிள்ளை. அழாதே" என்றேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

டேப்புக்குத் தடை. இனி ஐஸ்கிரீம் குச்சிகள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பல்லுக்கு நடுவே நுழைத்து, அப்படியே பிடிக்க வேண்டும். பன்னிரண்டில் ஆரம்பித்து இன்று பதின்மூன்று. பதினெட்டு வர வேண்டும். வலி காதுவரை இழுக்கிறது.

குச்சிகளுக்காக வீட்டுக்காரர் தினமும் ஐஸ்கிரீம் தின்கிறார். கடையில் வெறும் குச்சியே கட்டுக்கட்டாக விற்கிறார்கள் என்று நான் இன்னும் அவரிடம் சொல்லவில்லை.

கடிகாரம் பார்த்தால் முப்பது விநாடி நகர மாட்டேன் என்கிறது. அதனால் நாத்தனார் கதை சொல்கிறாள். அவளுடைய மாடிவீட்டுக்காரி தண்ணீர்த் தொட்டியை மூடாமல் விட்ட கதை. முப்பது விநாடி என்ன, அரை மணி ஆனாலும் தொட்டி நிரம்பவில்லை.

செப்டம்பர் 11, வியாழன்

பதினைந்து. மூன்று வாரமாகப் பதினைந்தே. பதினாறாவது குச்சியை நுழைத்தபோது கண்ணில் நீர் வந்துவிட்டது. குச்சிகளை வீசி எறிந்தேன். நாத்தனார் மேசைக்கு அடியில் புகுந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி, கழுவி, துடைத்து, "சரி அண்ணி, மாடிவீட்டுக்காரி மறுநாள் என்ன பண்ணினா தெரியுமா?" என்று ஆரம்பித்தாள்.

செப்டம்பர் 29, திங்கள்

பதினாறு. இன்று சாப்பாட்டில் உப்பு இருப்பது தெரிந்தது. கூடவே, அதிகம் என்பதும் தெரிந்தது. இத்தனை மாதமாக வீட்டுக்காரர் இப்படித்தான் போட்டுக்கொண்டிருந்தாரா?

அக்டோபர் 14, செவ்வாய்

மத்தியானம், கடையில் யாரும் இல்லை. நான் பொத்தான் துளைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தேன். மாடிவீட்டுக்காரியின் தங்கை மகளுக்குக் கல்யாணப் பத்திரிகையில் முகவரி தப்பாகிவிட்ட கதை ஓடிக்கொண்டிருந்தது. பழைய வீட்டுக்கு யார் யார் போனார்கள், எந்த பஸ்ஸில் போனார்கள், இறங்கி எங்கே தண்ணீர் குடித்தார்கள் என்று.

எனக்குக் கொட்டாவி வந்தது.

வந்தது என்றால், ஜனவரிக்குப் பிறகு முதல்முறையாக முழுசாக வந்தது. அதுவரை பாதியில் தாடை பிடித்துக்கொண்டு மூக்கு வழியாக ஏதோ அசட்டுச் சத்தம் போட்டு நின்றுவிடும். இன்று நிற்கவில்லை. திறந்தது, இன்னும் திறந்தது, காதுப் பக்கம் டப்பென்று ஒரு சத்தம், கண்ணில் நீர்.

அவள் கதைக்கு நடுவே யாராவது கொட்டாவி விட்டால் நாத்தனார் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேச மாட்டாள். அவளுடைய சொந்த மாமியாரே அந்தத் தண்டனையை அனுபவித்திருக்கிறார். இன்று கத்தரியைக் கீழே போட்டுவிட்டாள்.

"அண்ணி! இன்னொரு தடவை!"

"கேட்டா வருமாடி?"

ஓடிப்போய்க் குச்சிகளை எடுத்து வந்தாள். பதினேழு, தள்ளாமலே உள்ளே போயிற்று. அவள் என் இரண்டு கன்னத்தையும் பிடித்துக்கொண்டாள், சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. என் நிலைமையும் அதேதான்.

பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "எங்க விட்டேன்?" என்று கேட்டாள். எனக்கு ஞாபகம் இல்லை என்று உண்மையைச் சொன்னேன். அவளுக்கும் ஞாபகம் இல்லை.

பத்திரிகை அச்சடித்த நாளிலிருந்து மறுபடி ஆரம்பித்தாள். நான் தடுக்கவில்லை.