மூன்றாவது பத்தியில் டாரன்

ஏப்ரல் 14, திங்கள்

கோஸ்கி சார் பயிற்சிக் கட்டுரையைத் திருப்பிக் கொடுத்தார். தலைப்பு: பள்ளிகளில் மதிய உணவு இலவசமாக வேண்டுமா? முதல் பத்தி நன்றாக இருக்கிறதாம். இரண்டாவது பரவாயில்லை. மூன்றாவது பத்தியில் என் தம்பி டாரன் வந்துவிட்டான். பிடிக்காத பட்டாணியை எல்லாம் பால் டப்பாவுக்குள் ஒளித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். ஓரத்தில் சிவப்பு மையில், "இது வாதமா, கதையா?"

போதாததற்கு வினைச்சொற்கள். ஒரு வரியில் 'ஒளிக்கிறான்', அடுத்த வரியில் 'ஒளித்தான்'. இரண்டையும் வட்டமிட்டு, "ஏதாவது ஒரு காலத்தில் எழுதவும்" என்று போட்டிருக்கிறார்.

எந்தக் காலத்தில், சார்?

ஏப்ரல் 17

இறுதித் தேர்வு மே 13. தலைப்பு அங்கே போனால்தான் தெரியும். இந்த ஆங்கிலக் கட்டுரைப் பாடத்தில் இரண்டு முறை தோற்றாயிற்று. இதிலும் போனால் கல்லூரி இன்னொரு வாய்ப்புத் தராது, சுவாச சிகிச்சைப் படிப்பை மறந்துவிட வேண்டியதுதான். மருத்துவமனைச் சமையலறையிலேயே கிழவியாகிவிடுவேன்.

ஏப்ரல் 20, ஈஸ்டர்

பாஸ்டர் சாப்பிட வந்திருந்தார். பன்றித்தொடையை வெட்டிக்கொண்டே மெதுவாக ஆரம்பித்தார். "ஐலீன், டாரனுக்காக ஒரு நினைவு ஆராதனை வச்சா உங்க மனசுக்கும்..."

அம்மா உருளைக்கிழங்குப் பாத்திரத்தை அவர் பக்கம் தள்ளினாள். "அவன் வந்ததும் நீங்களே கேட்டுக்கங்க பாஸ்டர்."

அவர் உருளைக்கிழங்கை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

போன வருஷத்துக்கு முந்தைய மார்ச். காற்று திசை மாறி, ஏரியில் உறைந்திருந்த பனித்தளம் கரையைவிட்டுப் பிய்த்துக்கொண்டு போனது. அதன்மேல் நின்று மீன் பிடிக்கப் போனவர்களில் மற்ற எல்லோரையும் படகில் மீட்டார்கள். டாரன் அவர்களைத் தாண்டித் தூரமாகப் போயிருந்தான். எப்போதும் தூரமாகத்தான் போவான். ஹெலிகாப்டர் தேடியது. தொப்பிகூடக் கிடைக்கவில்லை. இறந்துவிட்டான் என்று அறிவிக்கக் கோரும் மனுவில் அம்மா இன்றுவரை கையெழுத்துப் போடவில்லை.

ஏப்ரல் 26

நூலகத்தில் ஹோதனோடு படித்தேன். வகுப்பில் என் பக்கத்து இருக்கைக்காரி, சோமாலியாவிலிருந்து வந்தவள். என் கட்டுரையை வாசித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"ஏய் ட்ரூடி, தெருவிளக்கப் பத்தி எழுதுன்னா உன் தம்பி எங்கேருந்துடி வந்தான்?"

"தெரியல. அவனா வர்றான்."

"எங்கம்மாவும்தான் வருவாங்க. எழுதி முடிக்கிற வரைக்கும் வெளிய உக்காருங்கம்மான்னு சொல்லிடுவேன். அவங்க ரொம்ப மரியாதையானவங்க, உக்காந்துக்குவாங்க."

"இவன் சின்ன வயசுலேயே சொன்ன பேச்சு கேக்காதவன்."

சிரித்தோம். நூலகர் முறைத்தார்.

மே 2

காற்று திரும்பியிருக்கிறது. ஏரியில் மிச்சமிருந்த பனிச்சில்லுகள் கரையில் வந்து குவிகின்றன. கூடை கூடையாகக் கண்ணாடி கொட்டுகிற மாதிரி ஓசை. அம்மா மதியம் முழுக்க ஜன்னலைவிட்டு நகரவில்லை.

நான் சமையலறை மேஜையில் கடிகாரத்தை வைத்து எழுதிக்கொண்டிருந்தேன். மூன்றாவது பத்தி. ஈரக் கம்பளிக் கையுறை வாசனை. பின்னால் ஆள் நிற்கிற உணர்வு. என்ன எழுதுகிறேன் என்று எட்டிப் பார்க்கிறான். திரும்பவில்லை. திரும்பினால் இருக்க மாட்டானே.

அவனைத் தவிர எதை எழுதினாலும் பேனா நகரவில்லை.

மே 9

தலைப்பு: நாய்களுக்கு உரிமம் கட்டாயமா? வந்தான். நாயோடு வந்தான்.

மே 13

எழுதிவிட்டேன்.

உயர்நிலைப் பள்ளியில் செல்போனைத் தடை செய்யலாமா. முதல் பத்தி, இரண்டாவது பத்தி. மூன்றாவதைத் தொடங்கிவிட்டுப் பேனாவை நிறுத்தினேன். ஹோதன் சொன்னபடி, கொஞ்சம் வெளியே உட்கார் என்று சொல்லத் தயாராக இருந்தேன். வரவில்லை. ஒரு காரணம் எழுதினேன், ஓர் உதாரணம் எழுதினேன். நாலாவது, ஐந்தாவது, முடிவுரை. வினைச்சொற்களைச் சரிபார்த்தேன். எல்லாம் ஒரே காலத்தில் இருந்தன.

கார் நிறுத்துமிடத்தில் ஹோதன், "எப்படி?" என்றாள்.

"அவன் வரல."

சிரிக்கப் போனவள் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

காருக்குள் உட்கார்ந்து அவன் குரலை நினைத்துப் பார்த்தேன். என்னை எப்படிக் கூப்பிடுவான்? ட்ரூட். ட்ரூ — என் குரல்தான் கேட்கிறது. அவனோடது வரல. ஒரு பரீட்சைக்காக நானே வெரட்டிட்டேனா? எங்கடா போன?

மே 14

அம்மா பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள். சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன்.

"நேத்து அவன் வரலம்மா."

யார் என்று கேட்கவில்லை. ஒரு தட்டைத் துடைத்து, அதையே மறுபடியும் துடைத்தாள். "எனக்கும் வர்றதில்ல. போன குளிருக்கு முன்னாடியே நின்னுடுச்சு."

"அப்புறம் ஏன் எல்லார்கிட்டயும் வருவான், வருவான்னு..."

"உனக்குத்தான் வந்துட்டிருந்தானே. அந்த மேசையில நீ எழுதறப்ப பாத்திருக்கேன். உன் முகமே வேற மாதிரி இருக்கும். அத வச்சுக்கிட்டு நான் எப்படி இல்லன்னு சொல்றது?"

துணியை வாங்கி மிச்சத் தட்டுகளைத் துடைத்தேன்.

மே 21

தேறிவிட்டேன். சுமாரான மதிப்பெண். கோஸ்கி சார் கடைசிப் பக்கத்தில் 'தெளிவு' என்று எழுதியிருக்கிறார். ஹோதன் என்னைவிட நிறைய வாங்கிவிட்டு, எனக்காகத் துள்ளினாள்.

மே 29

அம்மா மனுவில் கையெழுத்துப் போட்டாள். நீதிமன்ற எழுத்தர் பேனா நீட்டினார். வேண்டாம் என்று தன் பையிலிருந்ததை எடுத்துக்கொண்டாள்.

ஜூன் 7, சனி

டாரனுக்கு நினைவு ஆராதனை. நான் பேசினேன். நடுவில் காலங்கள் குழம்பின. யாரும் வட்டமிடவில்லை. அவனோடு பனித்தளத்தில் நின்ற ஆட்கள் பின் வரிசையில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அழுதார்கள்.

திரும்பும்போது அம்மா ஏரிக்கரையில் காரை நிறுத்தச் சொன்னாள். அந்த மார்ச்சுக்குப் பிறகு அவள் கரையில் கால் வைத்ததில்லை. நல்ல வெயில். யாரோ வீட்டுக் குழந்தைகள் கணுக்கால் தண்ணீரில் கத்திக்கொண்டிருந்தன. அம்மா செருப்பைக் கழற்றினாள்.

"இன்னும் ஜில்லுன்னு இருக்கும்மா."

"தெரியும்," என்று உள்ளே இறங்கினாள்.

கால் சிவக்கும்வரை நின்றாள். பிறகு கையை நீட்டினாள், பிடித்துக்கொண்டேன். "பசிக்குதுடி, போலாம்," என்றாள்.