நூற்றைம்பத்தாறிலேயே நிற்கும் முள்

2 பிப்ரவரி 1959, திங்கள்

நல்ல பனி. காலை ஐந்தேகாலுக்குக் கிளம்பி, தெப்பக்குளத்திலிருந்து காவிரிப் பாலம் தாண்டி மாம்பழச்சாலை வரை நடை. ஒரு மணி பத்து நிமிஷம். அக்டோபரிலிருந்து ஒரு நாள் தவறியதில்லை.

பள்ளி விட்டதும் லேடி டாக்டர் வீடு. எடை 156 ராத்தல். போன திங்களும் 156. அதற்கு முந்தின மூன்று வாரமும் அதே. 168-இல் ஆரம்பித்து கிறிஸ்துமஸ் வரை மளமளவென்று இறங்கிய முள், இப்போது ஆணி அடித்த மாதிரி. செருப்பைக் கழற்றினேன். கைக்கடிகாரத்தைக் கழற்றினேன். கம்பவுண்டர் பெண், "சங்கிலியையும் கழட்டுங்களேன்" என்றாள், முகத்தில் சிரிப்பில்லாமல். கழற்றினேன். 156.

பள்ளித் தலைமையாசிரியை மதர் கொடுத்த தவணை ஜூன். "டிரில் டீச்சரைப் பார்த்துத்தானே பிள்ளைங்க கத்துக்கணும்? ஸ்கூல் திறக்கறப்போ நூத்தி நாப்பதுக்கு வந்துடுங்க. இல்லன்னா தையல் கிளாஸ் எடுத்துக்குங்க." கோபமே இல்லாமல் சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். பதினான்கு வருஷம் விசில் ஊதியவள், ஊசியில் நூல் கோத்துக்கொண்டு உட்கார வேண்டுமாம்.

டாக்டர் உத்தரவு: நாலு நாள் வாயில் போவதையெல்லாம் எழுத வேண்டும். தண்ணீர் தவிர.

3 பிப்., செவ்வாய்

காலை: காபி, சர்க்கரை அரை ஸ்பூன். இட்லி 2.
மதியம்: சோறு ஒரு கரண்டி, ரசம், அவரைக்காய்.
சாயந்திரம்: ஒன்றுமில்லை. பசி.
இரவு: சப்பாத்தி 2, மோர்.

இதைச் சாப்பிட்டு ஒரு மனுஷி எப்படி 156 இருப்பாள்?

அவர் பொன்மலை ஒர்க்‌ஷாப்பிலிருந்து வந்ததும் தட்டில் நான்கு வடை, பொட்டலத்தைப் பிரித்து. "ஒண்ணு எடுத்துக்க ஸ்டெல்லா. ஒண்ணுல என்ன ஆயிடப் போகுது?" எடுக்கவில்லை. இவர் நாலும் தின்றுவிட்டு 130.

4 பிப்., புதன்

டிரில். எட்டாம் வகுப்பு. கை மேலே, பக்கம், கீழே, இருபது தடவை. நானும் கூடவே செய்தேன். பின் வரிசையில் யாரோ, "டீச்சர் குதிச்சா தரை அதிருதுடி." காதில் விழாதது போல் விசில் ஊதினேன். வீட்டுக்கு வந்து முகம் கழுவும்போதுதான் அழுகை வந்தது.

சாப்பாடு நேற்று மாதிரியே.

6 பிப்., வெள்ளி

இன்று நடந்ததை எழுதவே வெட்கம். எழுதத்தான் வேண்டும்.

ராத்திரி பிள்ளைகள் சாப்பாடு. சின்னவன் பாலு பாதிச் சோற்றைத் தட்டில் ஒதுக்கிவிட்டு எழுந்தான். என்ன வெறியோ, "முழுசாச் சாப்பிடுடா, இல்லன்னா அடி விழும்" என்று கத்தினேன். குழந்தை மிரண்டுவிட்டான். ஐந்து வயசு. அழுதுகொண்டே, "நீதாம்மா எப்பவும் சாப்பிடுவே" என்றான்.

எப்பவும் நான்தான் சாப்பிடுவேன். லியோ ஒதுக்கும் உருளைக்கிழங்கு, ரெஜினா விட்ட அரை இட்லி, பாலுவின் நெய்ச்சோறு. பாத்திரம் கழுவப் போகிற வழியில், நின்றபடியே. வீணாக்கக் கூடாது என்று கை தானாகப் போகிறது. நாலு நாள் எழுதினேனே, ஒரு நாளாவது இதை எழுதினேனா? பொய் சொல்லவில்லை. அது சாப்பாடு என்றே தோன்றவில்லை.

பாலுவை மடியில் போட்டுத் தூங்க வைத்தேன். அவரிடம் சொன்னதற்கு, "அதுக்காகக் கொட்டிடுவியா?" என்றார். கொட்ட மாட்டேன். முதலிலேயே குறைத்துப் போட்டால் என்ன?

7 பிப்., சனி

பள்ளி இல்லை. ஸ்ரீரங்கம் வரை நடந்தேன். அம்மா மண்டபத்துப் படியில் அலமேலு டீச்சர், ஈரப் புடவையைப் பிழிந்துகொண்டு. எங்கள் பள்ளியில் கணக்கு எடுப்பவள். மூன்று வேளையும் தயிர்சாதம், உடம்பு என்னவோ கொத்தவரங்காய். கடவுள் கணக்கு எனக்குப் புரியவில்லை.

மொட்டைக் கோபுரம் வரை கூடவே நடந்தாள். வழியெல்லாம் என் புலம்பல்தான். நின்று என்னையே பார்த்தாள்.

"ஸ்டெல்லா, இவ்வளவு தூரம் நடந்தும் ஒங்களுக்கு மூச்சே வாங்கலையே. பேசிண்டேன்னா வரேள்!"

"பழகிடுச்சு டீச்சர்."

"அதான் சொல்றேன். ஒடம்புக்குப் பழகிப்போயிடுத்து. ஆத்து மணல்ல நடந்து பாருங்கோ, தெரியும்."

கோபம் வந்தது. பதினான்கு வருஷமாக உடற்பயிற்சி சொல்லிக்கொடுப்பவளுக்குக் கணக்கு டீச்சர் பாடம்.

9 பிப்., திங்கள்

எடை 156.

டாக்டரிடம் எச்சில் தட்டு விஷயம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். "எல்லா அம்மாவும் செய்யறதுதான்" என்றார். மணல் விஷயமும் சொன்னேன். "அவங்க சொன்னது சரிதான். பன்னெண்டு ராத்தல் சுமையை இறக்கி வெச்சிட்டு அதே தூரம், அதே வேகம் நடக்கறீங்க. முன்னே மாதிரி உடம்புக்கு அது வேலையே இல்ல."

ஆக, இளைத்ததற்குத் தண்டனை.

11 பிப்., சாம்பல் புதன்

விடியற்காலை ஆற்றுக்குள் இறங்கினேன். தண்ணீர் ஓரமாக ஒரு வாய்க்கால் அளவுதான், மற்றதெல்லாம் மணல். கால் புதைகிறது. பத்தே நிமிஷத்தில் இரைப்பு, தொடையெல்லாம் நெருப்பு. உட்கார்ந்துவிட்டேன். தெரிந்தவர் யாரும் பாலத்து மேல் போகக் கூடாதே என்று இருந்தது.

பிறகு பூசை, நெற்றியில் சாம்பல். ஒருசந்தி, நாள் முழுக்க ஒரே வேளைச் சாப்பாடு. நல்ல பசி. எல்லார் மேலும் எரிச்சல், சாமியார் பிரசங்கத்தின் மேலும்.

16 பிப்., திங்கள்

எடை 156. சத்தியமாக 156.

மணலில் ஐந்து நாள், பிள்ளைகள் தட்டில் கை வைக்காமல் ஒன்பது நாள். டாக்டர் வீட்டு வாசலில் நின்றுகொண்டு, தையலே எடுத்துக்கொள்கிறேன் என்று மதருக்கு எழுத வேண்டிய வாசகத்தை மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன். வழக்கம்போல் கேலி வரும் என்று பார்த்தால் இல்லை. "காலைல இட்லி நான் ஊத்திடறேன். நீ இன்னும் அரைமணி நேரம் சேத்து நட. அடுப்புப் பக்கம் வந்தாத்தானே ருசி பார்க்கற?"

அதையும் நான் பட்டியலில் எழுதவில்லை.

19 பிப்., வியாழன்

அவர் ஊற்றிய இட்லி கல் மாதிரி. பிள்ளைகள் வாயைத் திறக்காமல் தின்றார்கள். மணலில் நாற்பது நிமிஷம், உட்காராமல்.

23 பிப்., திங்கள்

154.

கம்பவுண்டர் பெண்ணை இரண்டு தடவை பார்க்கச் சொன்னேன். 154-தான். சங்கிலி கழுத்திலேயே இருந்தது.

2 மார்ச், திங்கள்

வெயில் ஏற ஆரம்பித்துவிட்டது. எடை 153.

3 மார்ச், செவ்வாய்

மதர் கூப்பிட்டு விசாரித்தார். சொன்னேன். "இன்னும் பதிமூணு இருக்கே டீச்சர். தையலுக்கு வேற ஆள் பார்க்கறதா வேண்டாமான்னு எனக்குத் தெரியணும்."

"பாருங்க மதர். நான் வரலை."

என் வாயா சொன்னது? அவர் கண்ணாடியைக் கழற்றினார். ஜூன் வரை தவணை நீங்கள் கொடுத்ததுதானே என்றேன். அதற்குள் மணி அடித்துவிட்டது.

மைதானத்தில் எட்டாம் வகுப்பு. மதர் வராந்தாவில் வந்து நின்றதைப் பார்த்தேன். விசிலை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் நின்றேன். இருபதோடு நிறுத்தவில்லை. முப்பது. குனிந்து, நிமிர்ந்து, குதித்து. நாற்பதில் பின் வரிசையிலிருந்து ஒரு குரல்: "டீச்சர், கொஞ்சம் மெதுவா! எங்களால முடியலைங்க!"

மெதுவாகச் செய்யவில்லை.