டிவித் திரையில் ஒரு நேர்க்கோடு

அன்புள்ள கைசாவுக்கு அம்மா எழுதுவது.

நீயும் மாப்பிள்ளையும் என் பேரன் ஐவர் குட்டியும் காய்ச்சல் சளி எதுவும் அண்டாமல் அந்த வெயில் ஊரில் சௌக்கியமாக இருக்கிறீர்கள் என்று நம்பித்தான் எழுத உட்கார்ந்தேன். இங்கே நாங்கள் இருவரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், அதற்கு மேல் நலம் என்று எழுதக் கை வரவில்லை. ஐஸில் வழுக்கி விழுந்த என் இடது மணிக்கட்டில் இன்னும் மாவுக்கட்டு அப்படியே இருக்கிறது, வலது கை சும்மா இருப்பதால் இந்தக் கடிதம். போனில் சொல்லித் தொலைக்கக் கூடாதா என்று கேட்பாய். சமையலறையில் நான் கிசுகிசுத்தால்கூட அப்பாவுக்குக் கீழே ஒர்க்‌ஷாப்பில் கேட்டுவிடுகிறது, வர வர அவர் காது அவ்வளவு கூர்மை. இன்று சனிக்கிழமை, சவுனா குளியலறைக்கு விறகு அடுக்கி நெருப்பு மூட்டப் போயிருக்கிறார், அது சூடேறும்வரை உள்ளே வரமாட்டார்.

ரேடியோ ரிப்பேருக்கு அப்பாவுக்கு நாம் வாங்கிக் கொடுத்த ஸ்கோப் எப்படி வேலை செய்கிறது என்று ஒவ்வொரு தடவையும் கேட்கிறாய், நானும் பிரமாதம் பிரமாதம் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். அதைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. போன இலையுதிர் காலத்தில் மார்க்வெட் ஆஸ்பத்திரி டாக்டர் அப்பாவின் கண்ணுக்கு நடுவில் கறை விழுந்துவிட்டது, இனி வளரத்தான் செய்யும் என்று சொன்னது உனக்குத் தெரியும். மின்சாரம் ஏறி இறங்குவதைக் கோடாகப் போட்டுக் காட்டும் அந்தப் பழைய ஸ்கோப்பின் உள்ளங்கை அகலத் திரையில் மூக்கை ஒட்டிக்கொண்டு அவர் நின்றதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. நீதான் வழி சொன்னாய், இப்போதெல்லாம் கம்ப்யூட்டரில் சொருகுகிற சின்னப் பெட்டியாகவே வருகிறது, கம்ப்யூட்டரை டிவியோடு சேர்த்துவிட்டால் கோடு டிவி அகலத்துக்குத் தெரியும் என்று. அப்புறம் நாம் பட்ட பாட்டை நினைத்தால் சிரிப்பு வருகிறது, இப்போது அழுகையும் வருகிறது. பேனா மாதிரி இருந்த ரொம்ப மலிவானதில் சாஃப்ட்வேர் பாதியில் நின்றுவிடுகிறதாம், அதை நீ வேண்டாம் என்றாய். விலை கூடியதை அவர் வேண்டாம் என்றார். பழைய ரேடியோவுக்கு எதற்கு அவ்வளவு வேகம், அது என்ன ராக்கெட்டா என்று ஒரே நக்கல். அவருடைய ரேடியோ கிளப் நண்பன் டுவேன் நம் வீட்டுக் காபியைக் குடித்துக்கொண்டே, "கம்ப்யூட்டர்ல சொருகுற டப்பால்லாம் ஒரு ஸ்கோப்பா ரெய்னோ? திருகுறதுக்கு ஒரு குமிழ்கூட கெடையாது. பேரனுக்குக் குடு, வெளையாடட்டும்" என்றான். கடைசியில் இரண்டு கோடு காட்டக்கூடியது, நம் பழைய லேப்டாப்பில் ஓடக்கூடியது, எல்லாவற்றுக்கும் மேலாக, கோட்டைத் தடியாகவும் பளிச்சென்றும் ஆக்கிக்கொள்ளக்கூடியது என்று பார்த்து நடுத்தர விலையில் ஒன்றை எடுத்தோம். தடிக் கோடுதான் முக்கியம் என்று நீ சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

பெட்டி வந்த அன்று அவர் அதை டிவியோடு இணைத்துவிட்டு, "இர்மா, இப்பத்தான் கண்ணு தொறந்த மாதிரி இருக்கு" என்றார். நான் நம்பினேன் கைசா. நம்பவேண்டும் என்று இருந்தது, நம்பினேன். என் கை ஒடிந்த பிறகு மிச்சக் குளிர்காலம் முழுக்க அவர்தான் டிரக்கை ஓட்டினார். கடைக்கு, சர்ச்சுக்கு, கிளப்புக்கு. டிவியில் கோடு தெரிகிற ஆளுக்கு ரோடு தெரியாதா என்று நானும் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

அவருடைய பழக்கம் உனக்குத் தெரியும், சின்ன வயதில் நீயே ஸ்டூல் போட்டு ஏறி வேடிக்கை பார்த்திருக்கிறாய். எந்த வேலையைத் தொடங்கினாலும் முதலில் புரோப் ஒயரின் நுனியில் இருக்கிற கொக்கியை ஸ்கோப்பில் நீட்டிக்கொண்டிருக்கிற குட்டித் தகட்டில் மாட்டுவார், உடனே திரையில் படிக்கட்டு மாதிரி சதுரக் கோடு வரும், அதன் மூலைகள் மழுங்கியிருந்தால் புரோபில் உள்ள குட்டித் திருகைத் திருகுவார், நேராக நின்றால்தான் மேற்கொண்டு கை வைப்பார். போன செவ்வாய்க்கிழமை பக்கத்து வீட்டு ஆர்வோவின் ரேடியோவைப் பிரித்து வைத்திருந்தார். நான் காபியும் ஏலக்காய் ரொட்டியும் எடுத்துக்கொண்டு ஒற்றைக் கையோடு படியிறங்கிப் போனேன். டிவியைப் பார்த்தபடி நின்றிருந்தார், முகத்தில் அவ்வளவு திருப்தி. "இங்க பாரு இர்மா, மூலையெல்லாம் எப்படி நிக்குதுன்னு. இழைச்சு வச்ச மாதிரி இல்ல? திருகவே வேணாம்" என்றார். திரையில் மூலையே இல்லை. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே நேர்க்கோடு, லேசாக நடுங்கிக்கொண்டு கிடந்தது. கொக்கி தகட்டில் மாட்டவில்லை, மேசை விளிம்பிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது.

நான், "ஆமா, நல்லாருக்கு" என்றேன். வேறென்ன சொல்ல? மேலே வந்து சிங்க்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். குளிர்காலம் முழுக்க அவர் என்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, நீ என்ன நினைக்கிற, சதுரமா இருக்கா, எந்தப் பக்கம் சரிஞ்சிருக்கு என்று கேட்டதெல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது. எனக்குக் கற்றுத்தருகிறார் என்று பெருமைப்பட்டேனே, நான் சொன்னதை வைத்துத்தான் அவர் வேலை செய்திருக்கிறார். டிரக்கிலும் அதேதான். எதிர்ல வர்றது யாரு டுவேனா, அது என்ன போர்டு, இந்தப் பனியில் ஒரு எழவும் தெரியல என்பார், நான் பேச்சுத்துணைக்குச் சொல்வதுபோல் சொல்லிக்கொண்டே வருவேன். அதற்கு முந்தின வாரம் குழந்தைகள் இறங்குகிறார்கள், எல்லா வண்டியும் நிற்கவேண்டும் என்று சிவப்பு விளக்கு மின்ன நின்றிருந்த ஸ்கூல் பஸ்ஸை நாங்கள் நிற்காமல் தாண்டிப் போனோம். நான் கத்தினேன். "தூங்கிட்டேன் போல இருக்கு" என்று சிரித்தார். அன்றைக்குக் குழந்தைகள் யாரும் இன்னும் இறங்கவில்லை.

ஈஸ்டருக்கு நீங்கள் வரும்போது ஏர்போர்ட்டுக்குத் தானே வருவதாக உன்னிடம் சொல்லியிருக்கிறார் அல்லவா. பேரன் ஐவருக்கென்று குழந்தை சீட் வாங்கி டிரக்கில் தன் கையாலேயே இறுக்கி வைத்துவிட்டார். அதைப் பார்த்த பிறகு எனக்கு இரக்கம் போய்க் கோபம்தான் வந்தது. இந்த ஊரில் யார் வண்டிச் சாவியை வீட்டுக்குள் கொண்டுவருகிறார்கள், எல்லார் சாவியும் வண்டியிலேயேதான் கிடக்கும். புதன்கிழமை நான் போய் அதை உருவிக்கொண்டு வந்து ஃப்ரீசரில் மான்கறிப் பொட்டலங்களுக்கு அடியில் போட்டேன்.

மறுநாள் காலை அவர் கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். டிரக்கில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார். கத்துவார், சாவி எங்கே என்று வந்து நிற்பார் என்று காத்திருந்தேன். கண்ணாடியெல்லாம் ஆவி படிந்து உள்ளே ஆள் தெரியாமல் போகும்வரை உட்கார்ந்திருந்தார். அப்புறம் வந்தார், கோட்டைக் கழற்றி மாட்டினார், எனக்கு எதிரில் உட்கார்ந்தார். "அன்னிக்கு மூலை எதுவும் நேரா இல்ல, அப்படித்தானே?" என்றார். "மூலையே இல்ல ரெய்னோ. கொக்கியை நீங்க மாட்டவே இல்ல" என்றேன். தலையை ஆட்டினார். "ஐவரை அதுல உக்கார வைக்கப் போனீங்களே" என்று கேட்டேன், கேட்டிருக்க வேண்டாமோ என்னவோ, ஆனால் கேட்டுவிட்டேன். மேசை விரிப்பைத் தடவி நேராக்கினார். "கைசாகிட்ட மட்டும் சொல்லாத. வண்டி ரிப்பேர்னு நானே சொல்லிக்கிறேன்" என்றார். எங்கள் கல்யாண நாளிலிருந்து இன்றுவரை அவர் என்னிடம் எதையும் இப்படிக் கெஞ்சிக் கேட்டதில்லை. சரி என்றேன். இதோ சொல்லிவிட்டேன்.

டாக்டர் இதற்கு மருந்தில்லை என்று முன்பே கையை விரித்துவிட்டார், அதனால் புது டாக்டர், புதுக் கண்ணாடி என்று ஒன்றையும் தேடாதே. இன்னும் பெரிய டிவி அனுப்புகிறேன் என்றும் கிளம்பாதே. ஏர்போர்ட்டுக்கு ஆர்வோ வருவான், குழந்தை சீட்டை அவன் காருக்கு மாற்றியாகிவிட்டது. அப்பா போனில் டிரக்கில் பெல்ட் அறுந்துவிட்டது, பாகம் வரவில்லை என்று ஏதாவது சொல்வார். அப்படியா, பரவாயில்லைப்பா என்று மட்டும் சொல். சாமர்த்தியமாக ஒன்றும் கேட்டுவிடாதே, உனக்குப் பொய் சொல்லவும் வராது, பொய்யைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கவும் வராது, அதில் நீ அவர் மகள்தான்.

குழந்தைக்குக் கம்பளி சாக்ஸ் இரண்டு ஜோடி எடுத்து வை, இங்கே இன்னும் முழங்கால் பனி. மாப்பிள்ளையை நான் விசாரித்ததாகச் சொல். கடவுள் உங்கள் மூவரையும் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றட்டும், அப்பாவின் ஆசியும் உங்களுக்கு எப்போதும் உண்டு. படித்ததும் இதை அடுப்பில் போட்டுவிடு. இன்னும் ஒன்றே ஒன்று, மறந்துவிடாதே. வந்ததும் அவர் உன்னைக் கீழே கூட்டிக்கொண்டு போய் நாம் வாங்கிக் கொடுத்த ஸ்கோப்பைக் காட்டுவார். அவர் வாயைத் திறப்பதற்கு முன்னால் கொக்கி தகட்டில் இருக்கிறதா என்று பார், இல்லையென்றால் சத்தம் கேட்காமல் எடுத்து நீ மாட்டிவிடு.

இப்படிக்கு,
உன் அம்மா இர்மா