சுவர் ஏணியைத் தள்ளுமா?

ஜனவரி 8

முதல் டெஸ்ட் தாள்களைத் திருத்தி முடித்தேன். கணக்குகளில் முக்கால்வாசிப் பேர் தேறிவிட்டார்கள். கடைசியில் சின்னதாக ஒரு கேள்வி வைத்திருந்தேன். சுவரில் சாய்த்து வைத்த ஏணி. அதன் மேல் என்னென்ன விசைகள், எந்தப் பக்கம்? அம்புக்குறி போட்டுக் காட்டினால் போதும், கணக்கே கிடையாது. சரியாகப் போட்டவர்களை ஒரு கை விரலில் அடக்கிவிடலாம்.

வகுப்பே ‘மெடல்’ என்று கூப்பிடும் பையன் ஒருவன் இருக்கிறான். எல்லாக் கணக்கிலும் முழு மார்க். அவன்கூட அம்பைச் சுவருக்குள் விட்டிருக்கிறான். தாளைக் கொடுக்கும்போது கேட்டேன், “சுவர் ஏணிய எந்தப் பக்கம் தள்ளும்?” என்னை ஒரு மாதிரி பார்த்தான். “சுவர் எப்படி மேடம் தள்ளும்? அது சும்மாதானே நிக்குது?”

வகுப்பு சிரித்தது. அவனைப் பார்த்து இல்லை, கேள்வியைப் பார்த்து.

இவர்கள் இரண்டு வருஷத்தில் எஞ்சினியர்கள். பாலம் கட்டுவார்கள், கிரேன் வாங்குவார்கள். நான் தொண்டை கிழியக் கத்தியதெல்லாம் எங்கே போனது?

ஜனவரி 11

ஞாயிறு. இவரிடம் சொல்லிப் புலம்பினேன். மருந்துக்கடைக்காரர் அல்லவா, அவர் பாணியில் பதில் வந்தது. “மாத்திரைய எடுத்துக் குடுக்கறதுதான் நம்ம வேலை. முழுங்கறது அவங்க வேலை.”

“முழுங்காம பாக்கெட்ல போட்டுக்கிட்டுப் போனா?”

“அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?”

அதுதான் எனக்கும் தெரியவில்லை. ஆனால் நான் நின்று பேச, அவர்கள் உட்கார்ந்து எழுத, மணி அடிக்க, கிளம்ப. இது இனி வேண்டாம். பாடத்தை வீட்டில் படித்துவிட்டு வரட்டும். வகுப்பில் நான்கு நான்கு பேராக உட்கார்ந்து யோசிக்கட்டும், சண்டை போடட்டும். நான் நடுவில் சுற்றி வருகிறேன்.

எழுதும்போது எவ்வளவு சுலபமாக இருக்கிறது.

ஜனவரி 13

துறைத்தலைவரிடம் போய்ச் சொன்னேன். முழுதாகக் கேட்டார், அதுவே பெரிய விஷயம். பிறகு ஒரே கேள்வி. “போர்ஷன் முடியுமா?”

“முடிச்சிடுவேன் சார்.”

“மே மாசம் உங்க வேலைய நிரந்தரம் பண்ற விஷயம் கமிட்டிக்குப் போகுது. பசங்க உங்களப் பத்தி என்ன சொல்றாங்கன்னும் பார்ப்பாங்க. இத்தனை வருஷம் ஒப்பந்தத்துல காத்திருந்துட்டு, இப்ப போய் இதெல்லாம் தேவையா?”

“தேவைதான் சார்.” என்னைக் கேட்காமலே என் வாய் சொல்லிவிட்டது.

ஜனவரி 19

சொதப்பல். வேறு வார்த்தை இல்லை.

கேள்வியைப் போட்டேன். ‘பேசுங்கள்’ என்றேன். பேசினார்கள், கேள்வியைத் தவிர மற்ற எல்லாவற்றையும். நான் கிட்டே போனால் பேனாவை எடுத்தார்கள், நகர்ந்தால் வைத்தார்கள். மெடல் இருந்த குழுவில் அவன் எழுத, மற்ற மூவரும் அவன் தோள் வழியாகக் காப்பி அடித்தார்கள். படித்து வரச் சொன்னதை யாரும் படிக்கவில்லை. பாதியில் கதவு திறந்தது. அடுத்த வகுப்பறை விரிவுரையாளர், நாங்கள் ‘மைக்’ என்போம். அவர் குரலுக்கு மைக் வேண்டாம் என்பதால் வந்த பெயர். எட்டிப் பார்த்து, என்னைக் கண்டதும் திகைத்து, “அட, மேடம் இருக்கீங்களா! சத்தத்தக் கேட்டு ஆள் இல்லைன்னு நினைச்சேன்” என்றார்.

சின்னு கடைசி வரிசையில் தலையைக் குனிந்துகொண்டாள். என் நாத்தனாரின் மகள் அவள். இந்த வருஷம் என் வகுப்புக்கே வந்து சேர்ந்திருக்கிறாள். வீட்டில் ‘அத்தை’, இங்கே ‘மேடம்’. இன்று இரண்டும் வேண்டாம் என்பது போல இருந்தது அவள் முகம்.

ஜனவரி 20

தொண்டை வலி இல்லை. நேற்றுக் கத்தியது அவர்கள்தானே.

ஜனவரி 29

நாத்தனார் போன்.

“அண்ணி, தப்பா நினைக்காதீங்க. கிளாஸ்ல பாடமே நடத்தறதில்லையாமே? நீங்களே படிங்கன்னு சொல்லிட்டுச் சுத்தி வர்றீங்களாம். அப்புறம் காலேஜ் எதுக்கு அண்ணி?”

விளக்க ஆரம்பித்தேன். என் விளக்கம் எனக்கே வழவழவென்று இருந்தது. “சரி, உங்களுக்குத் தெரியாததா” என்று வைத்துவிட்டாள். அந்த வார்த்தைக்குப் பதில் திட்டியே இருக்கலாம்.

அவள் கேட்டதில் என்ன தப்பு? காலேஜ் எதுக்கு?

பிப்ரவரி 3

இரண்டு நாளாக யோசித்ததில் ஒன்று புரிகிறது. நான் ஒரேயடியாக வாயை மூடிக்கொண்டது முட்டாள்தனம். நீச்சல் தெரியாதவர்களைக் கிணற்றில் தள்ளிவிட்டு, மேலே நின்றுகொண்டு ‘உங்களுக்குள் பேசிக்கொள்ளுங்கள்’ என்றிருக்கிறேன்.

கேள்விகளும் சரியில்லை. சூத்திரம் தெரிந்தவன் எழுதிவிடுவான், மற்றவன் பார்த்து எழுதுவான். அப்படி இல்லாத கேள்வியாக வேண்டும்.

இன்று மாற்றிப் பார்த்தேன். ஏணியில் ஓர் ஆள் ஏறுகிறான். மேலே போகப் போகத் தரையின் உராய்வு கூடுமா, குறையுமா, அப்படியே இருக்குமா? முதலில் யாரோடும் பேசாமல் தனியாக எழுது. பிறகு கையைத் தூக்கு. பிறகு, வேறு பதில் சொன்னவனைத் தேடிப்பிடித்துப் பேசு. கடைசியில் கொஞ்ச நேரம் நான் நடத்துவேன்.

முக்கால்வாசிக் கை ‘அப்படியே இருக்கும்’. மெடலும் அதுதான். “எடை மாறல, தரை மாறல, உராய்வு ஏன் மாறணும்?” என்றான். பின்வரிசையில் வாயே திறக்காத ஒரு பெண், “அப்ப ஏன் மேல போனா மட்டும் ஏணி வழுக்குது?” என்று கேட்டாள். அவ்வளவுதான். ஆளாளுக்குக் கத்த ஆரம்பித்துவிட்டார்கள். மேலே போகப் போகச் சுவர் பலமாகத் தள்ளுகிறது, அதைத் தாங்க உராய்வும் கூடியாக வேண்டும் என்று நான் கரும்பலகையில் போட்டுக் காட்டியபோது, முதல் தடவையாக எல்லோர் கண்ணும் பலகையில் இருந்தது.

பத்து நிமிஷம். அவ்வளவுதான் நான் பேசியது.

இது நிலைக்குமா? ஒரு நாள் கூத்தா?

பிப்ரவரி 12

ஒரு நாள் கூத்துதான் போலிருக்கிறது. ‘பாடம் நடத்துவதில்லை’ என்று துறைத்தலைவரிடம் புகார் போயிருக்கிறது. பாதி வகுப்புக்கு மேல் கையெழுத்துப் போட்டிருக்கிறார்களாம். யார் யார் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. “அடுத்த வாரம் வந்து உங்க கிளாஸ்ல உக்கார்றேன்” என்றார்.

வகுப்புக்குப் போய் அந்த முகங்களைப் பார்ப்பது... நீயா? நீயா? எல்லா முகமும் கையெழுத்துப் போட்ட முகமாகத் தெரிகிறது. சே, என்ன புத்தி இது.

பிப்ரவரி 15

சின்னு மதியம் வந்தாள். சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தாள், ஒரு வாய் இறங்கவில்லை.

“அத்தை, நானும் போட்டேன்.”

“என்ன போட்ட?”

“கையெழுத்து.”

இவர் சட்டென்று எழுந்து தண்ணீர் எடுக்கப் போய்விட்டார். சொம்பில் தண்ணீர் இருந்தது.

“ஏன்டி?” குரல் உடைந்துவிட்டது. மேடமாக இருந்திருந்தால் உடைந்திருக்காது.

“போடலைன்னா சொந்தக்காரின்னு சொல்வாங்க. அது மட்டும் இல்ல... பயமா இருக்கு அத்தை. முன்னாடி நீங்க நடத்துவீங்க, எல்லாம் புரிஞ்ச மாதிரி இருக்கும். நிம்மதியா வீட்டுக்குப் போவேன். இப்ப தினமும் எனக்கு ஒண்ணுமே தெரியலைன்னு தெரியுது. அது எவ்ளோ கஷ்டம் தெரியுமா?”

கோபித்துக்கொள்ளத் தயாராக இருந்தேன். அதற்கு மேல் முடியவில்லை. அவள் சொன்னது நான் படும் பாடுதானே.

“சாப்பிடு. ஆறிப் போகுது” என்றேன்.

பிப்ரவரி 19

துறைத்தலைவர் வந்தார்.

சமையலறைச் சுவரில் இருந்த அலமாரித் தட்டைத் தாங்கியோடு கழற்றிக்கொண்டு போயிருந்தேன். இவர் டப்பாக்களைத் தரையில் அடுக்கிக்கொண்டே, “வேலை நிரந்தரமாகுதோ இல்லையோ, நம்ம வீட்டு அலமாரி காலி” என்றார்.

கேள்வி: தாங்கியில் மேலே ஒரு திருகாணி, கீழே ஒன்று. தட்டில் பாரம் ஏற்றினால் எது முதலில் பிடுங்கிக்கொண்டு வரும்? ஏன்? தனியாக எழுதினார்கள், கையைத் தூக்கினார்கள், சண்டை தொடங்கியது. ஒருத்தி தட்டைச் சுவரில் வைத்து அழுத்தி, “இங்க பாரு, கீழ சுவரத்தான் அமுக்குது, மேலதான் இழுக்குது” என்று இன்னொருத்தியின் கையைப் பிடித்து வைத்துக் காட்டினாள். எனக்குச் சந்தோஷப்பட நேரமில்லை. கண் பூராவும் கடைசி வரிசையில்தான். அவர் முகத்தில் ஒன்றும் இல்லை. பாதியில் எழுந்தார். ஒரு வார்த்தை சொல்லாமல் வெளியே போனார்.

அதன் பிறகு நான் என்ன நடத்தினேன் என்று எனக்கு நினைவில்லை.

பிப்ரவரி 20

கூப்பிடவில்லை.

பிப்ரவரி 23

இன்றும் இல்லை. வராந்தாவில் எதிரே வந்தார், தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை வைத்துக்கொண்டு மாலை வரை மண்டையைக் குடைந்துகொண்டிருந்தேன். போதாக்குறைக்கு நாத்தனார் வீட்டிலிருந்து போனே இல்லை. 

பிப்ரவரி 25

கூப்பிட்டார்.

“சத்தம் ஜாஸ்தி.”

“ஆமா சார்.”

“ஆனா கடைசி வரிசையில ஒருத்தனும் தூங்கல. என் கிளாஸ்ல தூங்குவானுங்க. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டு.” பேப்பர் வெயிட்டை உருட்டினார். “மார்ச் கடைசியில ரெண்டு செக்ஷனுக்கும் ஒரே பரீட்சை வெப்போம். கேள்வித்தாள் நான் எடுக்கறேன். உங்க செக்ஷன் பின்தங்கினா, பழையபடி நடத்துங்க. கமிட்டியில உங்களுக்காக என்னால பேச முடியாது.”

அடுத்த செக்ஷன் மைக்குடையது. நன்றாகவே நடத்துவார் அவர். அதுதான் பயம்.

மார்ச் 30

பரீட்சை முடிந்தது. மூன்று தலைமுறைக்கு முந்தைய பாணியில் ஒரு தாள். எல்லாம் கணக்கு, ஏன் என்று கேட்கிற ஒரு கேள்விகூட இல்லை. பார்த்ததும் உட்கார்ந்துவிட்டேன். பிள்ளைகளை வேறு ஊருக்குத் தயார் பண்ணி, வேறு வண்டியில் ஏற்றிவிட்டேனோ?

ஏப்ரல் 6

சராசரி இரண்டு செக்ஷனுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். பின்தங்கவில்லை. ஆனால் தோற்றவர்கள் மைக்கின் செக்ஷனில் இருப்பதில் பாதிகூட என் செக்ஷனில் இல்லை. ஏணி வழுக்குவது பற்றிக் கேட்ட அந்தப் பின்வரிசைப் பெண் இப்போது முன்வரிசை மார்க்.

மூச்சு விட்டிருக்க வேண்டும். விடவில்லை. ஏனென்றால் மெடல் மாலையில் என் அறைக்கு வந்தான். முதல் தடவையாக அவன் வகுப்பில் முதலாவது இல்லை. நான்காவது. யாருக்கும் அது ஒரு பொருட்டில்லை, அவனுக்கு உலகமே அதுதான்.

“எனக்குப் படிக்கத் தெரியும்னு நினைச்சேன் மேடம். கணக்கப் பாத்தா முன்னல்லாம் கை தானா எழுதும். இப்ப இது சரிதானா, ஏன் இந்தப் பக்கம்னு யோசிக்கறேன். நேரம் போயிடுது.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான். “என்னக் கெடுத்துட்டீங்க மேடம்.”

என்ன சொல்வது? ‘யோசிப்பது நல்லதுதான்’ என்றா? மார்க் போனவனிடமா? இனி வாரம் ஒரு நாள் நேரம் வைத்துக் கணக்குப் போட்டுப் பழகலாம், வகுப்பு முழுக்கவே பழகலாம் என்றேன். தலையாட்டிவிட்டுப் போனான். நம்பினானா தெரியாது.

நான் செய்வது நல்லதுதான். ஆனாலும் ஒருவனுக்கு வலித்திருக்கிறது. இரண்டும் நிஜம்.

ஏப்ரல் 19

நாத்தனார் நேரிலேயே வந்தாள், கூடவே சின்னு. வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள். “அண்ணி, என்ன பண்ணி வெச்சிருக்கீங்க இவள? குக்கர் மூடி ஏன் இப்படி இருக்கு, கதவுக் கைப்பிடி ஏன் ஓரத்துல இருக்குன்னு எல்லாத்துக்கும் ஏன் ஏன்னு உயிர வாங்கறா!”

“பதில் சொன்னியா?”

“தெரிஞ்சாதானே சொல்ல!” என்று சிரித்துவிட்டாள். போன் விஷயத்தை அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. போகும்போது என் தோளைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்திவிட்டுப் போனாள்.

மே 21

கமிட்டி முடிவு வந்தது. நிரந்தரம் இல்லை. இன்னும் ஒரு வருஷம் ‘கவனிப்பில்’.

அழுதேன். எழுதுவதற்கு வேறு ஒன்றும் இல்லை.

மே 25

துறைத்தலைவர் அடுத்த பருவத்துக்கான அட்டவணையை நீட்டினார். இரண்டு செக்ஷனுக்கு நேரேயும் என் பெயர்.

“மைக்... அவர்?”

“அவரே சொல்லிட்டார். உங்க கூட உக்காந்து பாத்துட்டு, அதுக்கப்புறம் எடுக்கறேன்னு.”

“அப்ப இந்த முறைய நம்பறீங்களா சார்?”

“நம்பறேன்னு நான் சொல்லலையே. ரெண்டு செக்ஷனும் உங்களுதுன்னுதான் சொன்னேன்.” மேஜை விளிம்பைப் பார்த்துக்கொண்டே, “கமிட்டியில பேசினேன். எடுபடல. அடுத்த வருஷமும் பேசுவேன்” என்றார்.

ஜூலை 5

நாளை புது வகுப்பு. முதல் நாள் கேள்விக்காக நாலைந்து எழுதி அடித்துவிட்டேன். மாலையில் சின்னு வந்திருந்தபோது இன்னொன்று தோன்றியது. நிற்கிற சைக்கிள். கீழ்ப்பக்கம் இருக்கும் பெடலில் கயிறு கட்டிப் பின்னால் இழுத்தால், சைக்கிள் எந்தப் பக்கம் போகும்?

“முன்னால” என்றார் இவர். “பெடல அப்படித்தானே மிதிக்கிறோம்.”

நானும் கொஞ்சம் யோசித்துவிட்டு, முன்னால்தான் என்றேன்.

“பின்னால” என்றாள் சின்னு. “வெளியில இருந்து இழுக்கறது நீங்க ஒருத்தர்தானே அத்தை? இழுக்கற பக்கம்தானே வரும்?”

“அப்ப பெடல் சுத்தினா சக்கரம்...”

“சுத்தட்டும். நீங்க படம் போட்டுப் பாருங்க.”

படம் போடாமல் மூன்று பேரும் கீழே இறங்கிப் போனோம். பக்கத்து வீட்டுச் சைக்கிளைக் கேட்டு வாங்கினோம். சைக்கிள் விழாமல் இருக்க இவர் சீட்டை லேசாகப் பிடித்துக்கொண்டார், சின்னு பெடலைக் கீழே கொண்டுவந்து கயிற்றைக் கட்டினாள். நான் இழுத்தேன்.

சைக்கிள் பின்னால் வந்து என் முழங்காலில் இடித்தது.

பதினாறு வருஷமாக மெக்கானிக்ஸ் நடத்துகிறவள். நடுத்தெருவில் நின்று கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். “இன்னொரு தடவை” என்றேன். மறுபடியும் இழுத்தேன். பின்னால்தான்.

நாளைக்கு இதுதான் முதல் கேள்வி. நான் தப்பாகச் சொன்னதையும் சொல்லப் போகிறேன்.