மஞ்சள் கல்லைத் திருப்பி வைத்தது

ஆடி 4, ஞாயிறு

வானம் மூடாக்கு. மழை இல்லை. காற்று மட்டும் பலம்.

இன்று மலையேறியவர்கள்: நான். வீட்டுக்காரர். அவருடைய அக்கா சரசு. நடைக்குழுத் தலைவர் பழனியப்பன் அண்ணன். அவரோடு வந்த வாலிபர்கள் மூன்று பேர். ஆக ஏழு. மேல்கோயிலில் முருகனைப் பார்த்தவர்கள் ஆறு. சரசு அக்கா வந்து சேரவில்லை.

கொண்டுபோனது: புளிச்சோறு, தண்ணீர், பூ, கற்பூரம், எலுமிச்சை. எல்லாம் தீர்ந்தது. திரும்பி வராதது: சரசு அக்காவின் இடது கால் செருப்பு.

நடந்தது இது. சுனைக்கு மேலே பாதை இரண்டாகப் பிரியும். இடது, கோயிலுக்கு. வலது, பழைய கல்லுக்குழிக்கு. கல் உடைத்து முடித்து அப்படியே விட்டுப்போன பள்ளம். விளிம்பில் வேலி கிடையாது, புதர்தான். சரசு அக்கா எப்போதும் கடைசியாக வருபவர். தனியாக வலதில் போய், பள்ளத்துக்குக் கொஞ்சம் முன்னால் சறுக்கி, ஒரு வெப்பாலை மரத்தைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்துவிட்டார். கோயிலில் மணி அடித்து ஓய்ந்த பிறகுதான் அவர் கூப்பிட்டது காதில் விழுந்தது. ஓடினோம். கணுக்கால் வீக்கம்.

"ஏனுங்கக்கா, எத்தன வருசமா நடந்த தடம். இக்கட்ட, வலதுல எதுக்குப் போனீங்க?"

"சாமி இக்கட்டத்தான அம்மிணி உக்காந்திருக்குது? சுத்திக் கும்புட்டேன். அப்படியே நேரா போயிட்டேன்."

எந்தச் சாமி? மகள் பிரசவம், பேரன் என்று தைப்பூசத்துக்குப் பிறகு நான் இந்தப் பக்கமே வரவில்லை. ஏறும்போது காலடியைப் பார்த்தே ஏறியதில் கவனிக்கவில்லை. இறங்கும்போது போய்ப் பார்த்தேன். வேப்பிலை மாலை, சிவப்புத் துணி, பக்கத்தில் ஒரு சூலம். நடுவில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல். துணியை ஒதுக்கினேன். மூன்று கோடு மஞ்சள்.

என் கல். நான் பூசிய மஞ்சள்.

தைப்பூசத்துக்கு வரும் வெளியூர் ஜனம் வழி தவறக் கூடாதென்று, இடது பாதை வாயில் கிடந்த கல்லில் பூசிவிட்டு வந்தேன். வழிக்குறி. வேறொன்றும் இல்லை. யாரோ குங்குமம் வைத்திருக்கிறார்கள். யாரோ கற்பூரம் ஏற்றியிருக்கிறார்கள். வைகாசியில் பழனியப்பன் அண்ணன், சாமி என்றால் கிழக்கே பார்த்து, ஜனம் சுற்றி வர இடத்தோடு இருக்க வேண்டுமென்று, கல்லைப் பெயர்த்து வலது வாயில் நட்டுவிட்டாராம். அங்கேதான் தரை சமமாம்.

"அண்ணா, இது தடம் தெரியறதுக்கு நான் பூசுன மஞ்சளுங்க."

வாலிபரில் ஒருவன்: "அப்ப சாமிய உண்டாக்குனதே நீங்கதானுங்களா அக்கா? எங்களுக்கும் ஒன்னு பண்ணிக் குடுங்க, ஊட்டுல வெச்சுக்கறோம்."

சிரிப்பு. அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. "தொட்டா குத்தமாயிரும் அம்மிணி. பதினெட்டுக்குள்ள மேடை கட்டறோம். சிமெண்ட்டு வந்து எறங்கீருச்சு."

ஆடி 5, திங்கள்

வெயில். மிளகாய் காயப்போட்டேன். சரசு அக்காவுக்கு எண்ணெய் காய்ச்சித் தேய்த்தேன். வலியிலும், "சாமி காப்பாத்துச்சு" என்கிறார். காப்பாற்றியது வெப்பாலை மரம் என்று சொல்ல வாய் வரை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

ஆடிப் பதினெட்டுக்கு மோகனூரில் ஆற்றில் முழுகிவிட்டு அப்படியே இங்கே மலையேற வரும் கூட்டம் பெரிது. கைக்குழந்தையோடு வருவார்கள். தடம் தெரியாதவர்கள். சாமி இருக்கும் பக்கம்தான் வழி என்று நினைப்பார்கள். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பேன்.

வீட்டுக்காரர்: "உனக்கெதுக்கு ஊர் வம்பு?"

என் மஞ்சள். அதனால்தான்.

ஆடி 9, வெள்ளி

காலையில் தூறல். விரதம்.

மேடை கட்ட மாரியம்மன் கோயிலில் பூ வாக்குக் கேட்டார்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். பூசாரியின் பேத்தி ஒன்றை எடுத்தாள். வெள்ளை. உத்தரவு ஆகிவிட்டது. குலவை போட்டார்கள். நானும் போட்டேன். ஆத்தா சொன்னதை நான் மறுக்கவில்லை.

குலவை அடங்கியதும் கேட்டேன்: "இன்னொரு தடவ பொட்டலம் கட்டுங்க பூசாரியாரே. எந்த வாயில கட்டறதுன்னு கேளுங்க."

"ஒரு காரியத்துக்கு ஒரு கேள்விதான் அம்மிணி."

"ஆத்தா கட்டச் சொன்னா. சரி. கல்லுக்குழி வாயில கட்டச் சொன்னாளா?"

பின்னாலிருந்து ஒரு குரல்: "சாமி காரியத்துல பொம்பளைங்களுக்கு என்னங்க பேச்சு?"

"இப்ப உத்தரவு கேட்டீங்களே, அது யாருகிட்டங்க? ஆம்பளைகிட்டயா?"

பூசாரி திருநீற்றுத் தட்டை நீட்டினார். வாங்கிப் பூசிக்கொண்டு வந்தேன்.

வீட்டில் ஒரே சத்தம். ஊர் முன்னால் மானம் போச்சாம். "உங்க அக்கா காலை ஒருக்கா பாத்துப்போட்டு வந்து பேசுங்க" என்றேன். போய்ப் பார்த்தார். வந்து பேசவில்லை. ரசம் உப்பு கூடிப்போனது, அதையும் பேசாமல் குடித்தார்.

ஆடி 10, சனி

முடிவு செய்துவிட்டேன். நாளை. முருகன் படத்துக்கு முன்னால் நின்று சொன்னேன், உத்தரவு கேட்கவில்லை. எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொல்லித்தர எனக்கு வாத்தியார் கிடையாது. சாமிப் பாட்டுப் புத்தகம்தான். இத்தனை வருடம் அவனோடு பேசியதில் அவனுக்கு என்னைத் தெரியும்.

ஆடி 11, ஞாயிறு

நல்ல காற்று. நேரமே குளித்து ஈரத்தலையோடு கிளம்பினேன். பை: பால் ஒரு சொம்பு, பூ, கற்பூரம், மஞ்சள், பழைய சாக்கு. தனியாகத்தான். வாசல் தாண்டும்போது பின்னால் இரும்புச் சத்தம். வீட்டுக்காரர், தோளில் கடப்பாரை.

"சாமிய என்ன இடுப்புலயா தூக்கிட்டுப் போவ?"

சுனையில் கால் கழுவினோம். கல்லுக்குப் பால் ஊற்றி, பூ வைத்துக் கும்பிட்டேன். "சாமியா இருந்தாலும் மன்னிக்கோணும், கல்லா இருந்தாலும் மன்னிக்கோணும். ரெண்டு அடி நகந்து உக்காருங்க, கொழந்தைங்க வருது."

கற்பூரம் காட்டிவிட்டுச் சாக்கை விரித்தேன். அவர் நெம்பினார், நான் சாக்கில் சாய்த்து இழுத்தேன். பழைய இடத்தில், இடது பாதை வாயில், நட்டோம். கிழக்கே பார்த்துத்தான். அங்கேயும் கிழக்கு இருக்கிறது. தரையைத்தான் கொஞ்சம் வெட்டிச் சமன்படுத்த வேண்டியிருந்தது. புது மஞ்சள் பூசினேன். சூலம், துணி எல்லாம் கூடவே.

இறங்கும்போது அவர்: "என்ற பேரை மட்டும் எங்கியும் இழுத்துப்போடாத."

"சரிங்க மாமா."

ஆடி 13, செவ்வாய்

புழுக்கம். தண்ணீர் வரவில்லை.

ஊரெல்லாம் ஒரே பேச்சு. சாமி தானாகவே நகர்ந்துவிட்டதாம்! பால்காரர் சொல்கிறார், சலங்கைச் சத்தம் கேட்டதாம். சரசு அக்கா நொண்டிக்கொண்டே வந்து என் கையைப் பிடித்து அழுதார். எனக்கு அழுகையா சிரிப்பா தெரியவில்லை.

வீட்டுக்காரர்: "நல்லதாப் போச்சு. சாமி பேரு சாமிக்கே இருக்கட்டும். வாயத் தொறக்காத."

அப்படியே விட்டிருப்பேன். தடம் சரியாகிவிட்டதே. ஆனால் சாயங்காலம் பொழுதோடு பழனியப்பன் அண்ணன் வந்து சொன்னது: முதலில் உட்கார்ந்த இடமும் சக்தி உள்ள இடமாம். அங்கேயும் ஒரு மேடையாம். பதினெட்டுக்கு வரும் ஜனம் இரண்டையும் சுற்றிக் கும்பிட வேண்டுமாம்.

அதாவது மறுபடியும் கல்லுக்குழி வாய்.

ஆடி 14, புதன்

விடிய மழை. மிளகாய் நனைந்தது, போகட்டும்.

நடைக்குழு வாட்சப்பில் நானே பேசி அனுப்பினேன். முன்னதாகப் பேசிப் பார்க்கும்போது "நான்தான் நகத்துனேன்" என்று ஆரம்பித்தேன். சட்டை மாட்டிக்கொண்டிருந்த வீட்டுக்காரர் திரும்பிப் பார்க்காமலே, "நாங்கன்னு சொல்லு" என்றார். மனசு நிறைந்தது.

அனுப்பியது, ஞாபகத்துக்காக இங்கே:

"பழனியப்பண்ணா, எல்லார்த்துக்கும் வணக்கமுங்க. சாமி தானா நகரலீங்க. நானும் எங்க ஊட்டுக்காரரும் பாலூத்திக் கும்புட்டுட்டு நகத்துனோம். குத்தம்னா அது எங்களுக்கு வரட்டும், ஏத்துக்கறோம். கல்லுக்குழி வாயில மேடை வேண்டாமுங்க. அந்த வாய முள்ளுப் போட்டு அடைக்கோணும். கருவேல முள்ளு வெட்டி எங்க வாசல்ல கட்டி வெச்சாச்சு. நீங்க ஆளு அனுப்பறீங்களா, இல்ல நாங்களே சொமந்து போகட்டுமா? பதினெட்டுக்கு நாளில்லீங்க. சீக்கிரம் பதில் சொல்லுங்க."