அப்பாவின் கட்டைவிரல்

என்னங்க,

சாப்பாட்டை மேசைமேல் மூடி வைத்திருக்கிறேன். தூங்கப் போகுமுன் இதைப் படித்துவிடுங்கள்.

மகளின் போன் நேரம் முடிந்து பூட்டிக்கொண்டால், கூடுதல் நேரம் கேட்டு நம் இருவர் போனுக்கும் தகவல் வரும். ஒருவர் சம்மதித்தாலே திறந்துவிடும். நேற்று அவள் பள்ளிவிட்டு வந்ததும் கேட்டாள். நான் மறுத்தேன், உங்கள் போன் சம்மதித்தது. "சத்தியமா நான் இல்லம்மா" என்றீர்கள். நான் நம்பாமல் சண்டை போட்டேன்.

இன்று காலையில்தான் உறைத்தது. நேற்று அவள் கேட்ட அதே நேரத்தில் நான் வேலையிடத்திலிருந்து உங்களைப் போனில் கூப்பிட்டேன், நீங்கள் எடுக்கவில்லை. இரவு வேலை அலுப்பில் அடித்துப்போட்டதுபோல் தூங்கியிருப்பீர்கள். உங்கள் போன் திறக்கக் கட்டைவிரல் போதும். விரலுக்குரியவர் தூங்குகிறாரா என்று அது பார்ப்பதில்லை. மகள் பார்ப்பாள்.

இன்று அவள் வரும்போது தூங்குவதுபோல் படுத்திருங்கள். கை கட்டிலுக்கு வெளியே தொங்கட்டும். குறட்டையும் விடுங்கள், இல்லாவிட்டால் அவளுக்குச் சந்தேகம் வந்துவிடும்.

இந்தச் சீட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். மேசையில் கிடந்தால் படித்துவிடுவாள்.

பி.கு.: நேற்று உங்களைப் பொய்யர் என்றதில் பாதியைத் திரும்பப் பெறுகிறேன். மீதிப் பாதி, சாயங்காலம் அவள் முகத்தைப் பார்த்த பிறகு.