முத்துத்தாய் எழுதிய உண்மை

ஊரிலிருந்து,
ஆவணி 10

அன்புள்ள ஒச்சம்மாளுக்கு உன் வீட்டுக்காரன் ராமசுப்பு எழுதிக்கொள்வது.

இந்தக் கடிதத்தை நான் யாரிடமும் சொல்லி எழுதி வாங்கவில்லை. நானே எழுதுகிறேன். பதறாதே, மெதுவாக வாசி, நானும் மெதுவாகத்தான் எழுதுகிறேன். முப்பத்தெட்டு வருசமாக ‘ஏ புள்ள’ என்று கூப்பிட்டே காலம் ஓடிவிட்டது. எழுத உட்கார்ந்த பிறகுதான் உனக்கு இவ்வளவு பெரிய பெயர் இருப்பது தெரிந்தது. அதை எழுதி முடிப்பதற்குள் ஒரு டம்ளர் டீ ஆறிவிட்டது.

இங்கே நான் நலம், ஆடுகள் நலம். நீயும் மகள் தங்கலட்சுமியும் பேத்தியும் நலம் என்று நேற்றுத்தான் போனில் சொன்னாய். அதை மறுபடி கேட்டு எழுத்தை வீணாக்கவில்லை. மழை இல்லை. கிணற்றில் தண்ணீர் இரண்டு படிக்கட்டு இறங்கிவிட்டது. சின்ன வெள்ளாடு இரட்டைக்குட்டி போட்டிருக்கிறது, இரண்டும் பெட்டை.

நீ மகள் பிரசவத்துக்காக ஓசூருக்குப் பஸ் ஏறிய மறுவாரம் நம் பள்ளிக்கூடத்தில் பெரியவர்களுக்கு எழுத்தறிவு வகுப்பு தொடங்கினார்கள். சாயங்காலம் பிள்ளைகள் போன பிறகு நாங்கள் பதினொரு பேர் அதே பெஞ்சில் உட்கார்ந்துகொள்வோம். டீச்சர் பெயர் வேணி, அருப்புக்கோட்டையில் தறிக்கார வீட்டுப் பெண். எங்களிடம் தமிழ் பேசும், அவள் அம்மா போன் செய்தால் தெலுங்கு பேசும், எங்கள் கையெழுத்தைப் பார்த்தால் ஒன்றும் பேசாது. உன்னிடம் சொல்லாமல் படித்து ஒருநாள் திடீரென்று கடிதம் போட்டு உன்னை அசத்த வேண்டும் என்று வாயைக் கட்டிக்கொண்டு இருந்தேன். ஆறு மாதம்! நான் ஒரு விசயத்தை ஆறு நாள் மறைத்ததுண்டா?

வகுப்பில் நான்தான் முதல். சத்தியமாகச் சொல்கிறேன். டீச்சர் எதைக் கேட்டாலும் முதலில் கையைத் தூக்குவது நான்தான். பதில் தெரியாவிட்டாலும் தூக்கிவிடுவேன். நான் கையைத் தூக்கியதும் பின்பெஞ்சுக்காரர்கள் குனிந்துகொள்வார்கள். அவர்களுக்குப் பதில் தெரியவில்லை, வெட்கப்படுகிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

இனிமேல் எழுதப்போவதை நீ மட்டும் வாசி. போனில் பேசியிருப்பேன். ஆனால் உனக்கு ஸ்பீக்கரை அணைக்கத் தெரியாது. நான் தும்மினால் உன் பக்கத்தில் நாலு பேர் சிரிக்கிறார்கள்.

போன மாதம் ஒருநாள் டீச்சர் எல்லோரையும் வகுப்பில் இருக்கிற யாராவது ஒருவரைப் பற்றி ஒரு வரி எழுதச் சொன்னது. பொய் எழுதக் கூடாது, பார்த்துத் தெரிந்த உண்மையாக இருக்க வேண்டும் என்றும் சொன்னது. எழுதியதும் நோட்டுகளை மாற்றிக் கொடுத்து, அவரவர் கைக்கு வந்ததை எழுந்து நின்று வாசிக்கச் சொன்னது. என் கைக்கு வந்தது பின்பெஞ்சு முத்துத்தாயின் நோட்டு. நம் மேலத்தெரு முத்துத்தாய்தான், கோழி வளர்க்கிறவள். விரித்துப் பார்த்தால் முதல் வார்த்தையே என் பெயர்! என் பெயரை இன்னொருவர் எழுதி நான் வாசிப்பது அதுதான் முதல் தடவை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எழுந்தேன். எழுத்துக் கூட்டி, ஒரு கொம்பைக்கூட விடாமல், தெருவுக்கே கேட்கிற மாதிரி வாசித்தேன்.

“ராமசுப்பு அண்ணன் கையைத் தூக்கினா நாறுது.”

வாசித்துவிட்டு எல்லோரும் கை தட்டுவார்கள் என்று பார்த்தேன். ஒருவரும் தட்டவில்லை. சரி, தடுமாறி வாசித்தது விளங்கவில்லை போலிருக்கிறது என்று, இந்தத் தடவை கூட்டாமல், ஒரே மூச்சில் மறுபடியும் வாசித்தேன். அப்போதுதான் அது என் காதிலேயே விழுந்தது.

டீச்சர் வாயிலிருந்து தமிழ் வரவில்லை, ஏதோ தெலுங்கில் சொன்னது. என் பக்கத்தில் இருந்த அருஞ்சுனை மட்டும், எனக்கு ஒண்ணும் அப்படித் தெரியலையேப்பா என்றான். அவன் ஒருவனாவது எனக்கு இருக்கிறானே என்று அன்றைக்கு அவன் தோளைப் பிடித்துக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன். மறுநாள் அவன் வீட்டம்மா சொல்கிறாள், கொரோனா வந்ததிலிருந்து அவனுக்கு வாசனையே தெரியாதாம், பருப்பு தீய்ந்தாலும் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பானாம். ஆறு மாதமாக என் பக்கத்தில் உட்கார்ந்த ஒரே ஆள் அவன்தான், அவனுக்கும் மூக்கில்லை.

இரண்டு நாள் வகுப்புக்குப் போகவில்லை. மூன்றாம் நாள் முத்துத்தாய் ஆறு முட்டையோடு வாசலில் வந்து நின்றாள். கிட்டே வரவில்லை, வாசலிலேயே நின்றாள். “எண்ணே, கோவிச்சுக்கிறாதீக. உண்மையை எழுதச் சொன்னாக. உங்களப் பத்தி எனக்கு நல்ல உண்மையும் நாலு தெரியும். அதுக்கெல்லாம் இன்னும் எழுத்து வரல” என்றாள். இதற்கு நான் எப்படிக் கோபப்படுவது? எத்தனை நாளா ஆத்தா இப்படி என்று கேட்டேன். “எத்தன நாளா? நான் வாக்கப்பட்டு வந்ததுல இருந்துதான். ஊருக்கே தெரியும். யாரும் அவுக காதுல போட்டுறாதீகன்னு ஒச்சம்மாக்காதான் சொல்லி வச்சிருக்கு” என்றாள்.

ஊரே உன் சொல்லைக் காப்பாற்றியிருக்கிறது. பஞ்சாயத்துத் தலைவர் சொல்லைக்கூட இந்த ஊர் இப்படிக் கேட்டதில்லை.

அன்றைக்கு நாள் முழுக்க ஆட்டுக்குப் பின்னால் நடந்துகொண்டே ஒவ்வொன்றாக யோசித்தேன். எந்தப் பஸ்ஸில் ஏறினாலும், காத்து வாங்குங்க என்று எனக்கு ஜன்னல் ஓரத்தைக் கொடுத்து, இந்தப் பக்கம் நீ அணை போட்ட மாதிரி உட்கார்ந்துகொள்வாய். பந்தியில் கடைசி இலையில்தான் என்னை உட்கார வைப்பாய். கடைசி இலைக்குத்தான் நிதானமாகப் பரிமாறுவார்கள் என்பாய். பாலவனத்தம் கல்யாணத்தில் என்னைப் போட்டோ எடுக்கவே விடாமல், மாப்பிள்ளை தோளில் கை போடப் போனவனை இழுத்துக்கொண்டு வந்தாய். ஊரில் எல்லோரும் வெள்ளைச் சட்டை போட்டால் எனக்கு மட்டும் காப்பிப்பொடிக் கலரில் எடுப்பாய். எனக்கு அதுதான் எடுப்பாக இருக்கும் என்று சொன்னாயே, கண்ணாடியைப் பார்த்து நானும் நம்பினேனே! இவ்வளவு நாளும் என் பெண்டாட்டி என் மேல் வைத்த மரியாதை என்று ஊரெல்லாம் பெருமையடித்திருக்கிறேன். கேட்டவன் எல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் கேட்டிருப்பான்.

இதெல்லாம் சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒன்று சிரிப்பாக இல்லை. வைகாசியில் பேத்தி பிறந்த மூன்றாம் நாள் மூன்று பஸ் மாறி, நனைந்த துணி மாதிரி வந்து சேர்ந்தேன். குளிச்சிட்டு வாங்க என்றாய். குளித்துவிட்டு வந்தேன். தூங்குறா என்றாய். முழித்த பிறகு, பால் குடிக்கணும் என்றாய். இரண்டு நாள் இருந்துவிட்டு, ஏழு வருசம் காத்திருந்து பிறந்த பிள்ளையை ஒரு தடவைகூடக் கையில் வாங்காமல் திரும்பினேன். என் நேரம் சரியில்லை என்று நினைத்தேன். இப்போது வருகிற இருபத்தைந்தாம் தேதி பேர் வைக்கிறீர்கள். மாப்பிள்ளைக்கு அப்பா இல்லாததால், தாத்தா முறைக்கு நான்தான் பிள்ளையை மடியில் வைத்து அதன் காதில் மூன்று தடவை பேர் சொல்ல வேண்டும். மாப்பிள்ளை மாதவன் அவர் வாயால் என்னைக் கூப்பிட்டார். மறுநாள் நீ போன் செய்து, ஆட்டைப் போட்டுவிட்டு எதுக்கு அலையுறீக, மாப்பிள்ளையோட சித்தப்பா சொல்லட்டும் என்கிறாய். நானும், நம் உடம்பு நோகக் கூடாதென்று பார்க்கிறாள் என்று சரி சொல்லிவிட்டேன்.

முத்துத்தாயின் வரியை வாசித்த பிறகுதான் நீ சொன்னதும் விளங்கியது. அந்தச் சரியை நான் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

சும்மா வாங்கிக்கொள்ளவில்லை. முதலில் என் இஷ்டத்துக்கு வைத்தியம் பார்த்தேன். அக்குளை வழித்த கையோடு எலுமிச்சம்பழத்தை வைத்துத் தேய்த்தேன். தேய்த்துவிட்டுத் தொழுவத்தை மூன்று சுற்று சுற்றி ஓடினேன். கோபுரம் அளவுக்குப் பவுடர் கொட்டிப் பார்த்தேன். மத்தியானத்துக்குள் குழைந்து, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆகிவிட்டது. டவுனில் ஒரு சென்ட் வாங்கி அடித்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினேன். பக்கத்தில் இருந்தவர், எந்தக் கோயில் திருவிழாவுக்குப் போயிட்டு வாரீக, பிரசாதம் இருக்கா என்று கேட்டார்.

கடைசியில் டீச்சரே விசாரித்து, அருப்புக்கோட்டையில் ஒரு தோல் டாக்டரிடம் போகச் சொன்னது. டாக்டர் கையைத் தூக்கச் சொன்னார். வகுப்பில் அத்தனை தடவை தூக்கிய கை, அங்கே தூக்க வரவில்லை. அவர் மூக்கைச் சுளிக்கவே இல்லை ஒச்சம்மா, குனிந்து பார்த்தார். வேர்வைக்கு வாடையே கிடையாதாம். அந்த இடத்தில் குடியிருக்கிற கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் அதைத் தின்றுதான் வாடை வருகிறதாம். சிலருக்குப் பிறவியிலேயே வேர்வை அதிகமாம், அது அழுக்கும் இல்லை, குற்றமும் இல்லையாம். சோப்புப் போட்டுக் கழுவித் துடைக்கணும், முடியை ஒட்டக் கத்தரிக்கணும், பருத்திச் சட்டை போடணும், நேற்றுப் போட்ட சட்டையை இன்றைக்குப் போடக் கூடாது, துவைத்தால் உள்புறம் வெளியே தெரிய வெயிலில் காயப் போடணும் என்றார். பூசுவதற்கு ஒரு மருந்தும் கொடுத்தார். எப்படிப் போடுவது என்று வாயால் சொல்லத் தொடங்கினார். நான், சார், தமிழில் எழுதிக் கொடுங்க, நான் வாசிப்பேன் என்றேன். எழுதிக் கொடுத்தார். ‘படுக்கப் போகும்முன். நன்றாகக் காய்ந்த பிறகு. காலையில் கழுவவும்.’ அவர் முன்னாலேயே வாசித்தேன். முதல் நாள் ஆர்வத்தில் ஈரத்தோடு போட்டு எரிந்துவிட்டது. சீட்டை எடுத்துப் பார்த்தால் ‘காய்ந்த பிறகு’ என்று அப்படியே இருக்கிறது. தப்பு டாக்டர் மேல் இல்லை.

மூன்று வாரம் ஆகிறது. இப்போது தொழுவத்துக்குப் போனால் நம் கிடா என்னை முறைக்கிறது. இத்தனை நாள் அது என் மேல் வந்து உரசியது பாசம் என்று நினைத்திருந்தேன். என்னைத் தன் இனம் என்று நினைத்திருக்கிறது.

போன வியாழக்கிழமை டவுனிலிருந்து திருச்சுழி பஸ்ஸில் வந்தேன். நல்ல கூட்டம், நல்ல வெக்கை. நான் ஏறும்போது ஜன்னல் ஓரம் காலியாக இருந்தும் நடுச்சீட்டில் உட்கார்ந்தேன். பந்தல்குடிக்காரர் ஒருவர், வெள்ளைச் சட்டை போட்டவர், வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். எழுந்திருப்பார் எழுந்திருப்பார் என்று பார்த்தேன். எழுந்திருக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் தூங்கி, என் தோள் மேல் தலையைச் சாய்த்துவிட்டார். என் அக்குளுக்கும் அவர் மூக்குக்கும் நடுவே ஒரு சாண் இருக்காது. மனுசன் குறட்டை விடுகிறார்! எனக்குக் கண் கலங்கிவிட்டது. நம் ஊருக்குப் பிரிகிற விலக்கு வந்தது. எழுந்தால் அவர் விழித்துவிடுவாரே என்று இறங்கவில்லை. திருச்சுழி வரைக்கும் போய், அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்தேன்.

ஆனாலும் பஸ்ஸில் தூங்கியவரை வைத்து நான் முடிவு கட்ட மாட்டேன். அவருக்கும் கொரோனா வந்ததோ என்னவோ.

அதனால் உன்னிடம் ஒன்று கேட்கிறேன். இருபத்து நாலாம் தேதி காலையில் ஓசூரில் வந்து இறங்குவேன். ஆட்டை முத்துத்தாய் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டாள். பஸ் ஸ்டாண்டுக்கு மாப்பிள்ளையை அனுப்பாதே, அவர் மரியாதைக்காகப் பொய் சொல்வார். நீ மட்டும் வா. பக்கத்தில் வந்து நில். நான் கையைத் தூக்குகிறேன், நாலு பேர் பார்த்தால் பார்க்கட்டும். நாறினால், நாறுது என்று வாயால் சொல். நம் கல்யாணம் ஆன இரண்டாம் வருசம் நீ ஒரு தடவை, சட்டையை மாத்துங்க என்று சொன்னதற்கு நான் இரண்டு நாள் சோறு சாப்பிடாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தேன். அதற்குப் பிறகுதான் நீ சொல்வதை நிறுத்தினாய் என்பதும் ஆட்டுக்குப் பின்னால் நடந்த அந்த நாளில்தான் ஞாபகம் வந்தது. இந்தத் தடவை சொல். நான் முகத்தைத் திருப்ப மாட்டேன். கையில் வாங்காமல், தள்ளி நின்று பிள்ளையைப் பார்த்துவிட்டு, சித்தப்பாவே பேர் சொல்லட்டும் என்று உன் பக்கத்திலேயே நிற்பேன்.

நாறாவிட்டால் அதையும் சொல், பிள்ளையை என் மடியில் கொடு. பேரை இங்கே எழுதவில்லை, அதன் காதில் சொன்ன பிறகுதான் எழுத வேண்டும் என்று நானாக வைத்துக்கொண்டேன். சத்தமாகச் சொன்னால் பிள்ளை மிரளும் என்று, புதுக்குட்டிகளின் காதில் தினமும் மெதுவாக மூன்று தடவை சொல்லிப் பழகுகிறேன். இரண்டும் அழவில்லை.

தங்கலட்சுமிக்கும் மாப்பிள்ளைக்கும் என் ஆசி. பிள்ளை நல்ல சுகத்தோடும் நீண்ட ஆயுளோடும் இருக்கட்டும். நீ வேளைக்குச் சாப்பிடு. இந்த வீட்டில் உன் பாய் சுருட்டிய இடத்தில் சுருட்டியபடியே இருக்கிறது.

உன் பதிலைத் தானே வாசிக்கப்போகிற
ராமசுப்பு